ஆர்ட்டிகுலேட்: பொருள், உச்சரிப்பு, பொருந்தும் இடம், பொருந்தாத இடம்

முகில்_நெல்லை
வேலை விளம்பரங்களில் "ஆர்ட்டிகுலேட் ஆன ஆட்களுக்கு முன்னுரிமை" என்று அடிக்கடி வருகிறது. அகராதியைப் பார்த்தால் "தெளிவாகப் பேசக்கூடிய" என்று ஒரே வரி. அதே சொல் எலும்பு மருத்துவத்தில் வருகிறது, லாரிக்கு வருகிறது, மொழியியலிலும் வருகிறது. ஃப்ளூயன்ட், எலோக்வென்ட், லூசிட் ஆகியவற்றிலிருந்து இது எங்கே பிரிகிறது? வினையாக எழுதினால் பின்னால் 'அபவுட்' போடலாமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

பிழைதிருத்தி
உச்சரிப்பில் தொடங்குகிறேன். எழுத்துக்கூட்டல் ஒன்று, சொல் இரண்டு.

பெயரடை: ஆர்-டிக்-யு-லட். கடைசி அசை நன்றாகச் சுருங்கி 'லட்'டுக்கும் 'லிட்'டுக்கும் நடுவில் நிற்கும்.
வினை: ஆர்-டிக்-யு-லேட். கடைசி அசை முழுசாக நீளும்.

இரண்டிலும் அழுத்தம் 'டிக்' மேலேதான். தலைப்பில் இருக்கிற 'ஆர்ட்டிகுலேட்' வினையின் ஒலி. விளம்பரத்தில் நீங்கள் பார்த்தது பெயரடை, ஆகவே 'ஆர்ட்டிகுலட்'. 'ஷி இஸ் வெரி ஆர்ட்டிகுலேட்' என்று நீட்டிச் சொல்பவர்கள் ஏராளம். செபரேட், எலாபரேட், டெலிபரேட், மாடரேட் எல்லாம் இதே வகை: பெயரடையில் ஈறு சுருங்கும், வினையில் நீளும். ஆனால் இதை எல்லாச் சொல்லுக்கும் நீட்டிவிடாதீர்கள். 'ஆக்யுரட்' பெயரடை மட்டுமே, அதை 'ஆக்யுரேட்' என்று நீட்ட இடமே இல்லை.

இனி 'அபவுட்'. எண்ணத்தை வெளியிடுதல் என்ற பொருளில் வினை நேராகச் செயப்படுபொருளை எடுக்கும். 'ஹி ஆர்ட்டிகுலேட்டட் அபவுட் தி ப்ராப்ளம்' தப்பு. 'ஹி ஆர்ட்டிகுலேட்டட் தி ப்ராப்ளம்' சரி. குழப்பம் எங்கிருந்து வருகிறதென்றால், பெயரடைக்குப் பின்னால் 'அபவுட்' வரலாம்: 'ஷி இஸ் ஆர்ட்டிகுலட் அபவுட் ஹெர் வொர்க்' நல்ல ஆங்கிலம். அந்த 'அபவுட்'டை அப்படியே வினைக்கும் ஒட்டவைத்துவிடுகிறோம்.

கேட்பவரைச் சொல்ல 'டு': 'பேஷன்ட்ஸ் ஹூ கெனாட் ஆர்ட்டிகுலேட் தெயர் பெயின் டு எ டாக்டர்'. பின்னால் 'வொய்', 'ஹவ்', 'வாட்' என்று தொடங்கும் கிளவியம் (துணை வாக்கியம்) வசதியாக உட்காரும். 'தட்' வந்தால் முரண்டு பிடிக்கும். அலுவலக மெயிலில் 'ஐ வுட் லைக் டு ஆர்ட்டிகுலேட் தட் ஐ ஆம் ஆன் லீவ் டுமாரோ' என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார். நாளைக்கு லீவு என்பதைச் சொல்லில் வடிக்க என்ன சிரமம்? மனசில் தெளியாமல் கிடக்கிற ஒன்றைச் சொல்லாக்கும்போதுதான் இந்த வினைக்கு வேலை. 'சே' அல்லது 'டெல்' போட்டுப் பார்த்து வாக்கியம் எதையும் இழக்கவில்லை என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கோமகள்
எலும்பும் லாரியும் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்தன என்பதற்கு வேர் பதில் சொல்லும். லத்தீனில் 'ஆர்ட்டுஸ்' என்றால் மூட்டு. அதன் சிறுமை வடிவம் 'ஆர்ட்டிகுலுஸ்', சின்ன மூட்டு, விரற்கணு மாதிரி. அதிலிருந்து 'ஆர்ட்டிகுலாரே': கணு கணுவாகப் பிரித்து அமைப்பது.

கரும்பை நினைத்துக்கொள்ளுங்கள். கணு இல்லாவிட்டால் எங்கே ஒரு துண்டு முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று தெரியாது. அதே கணுதான் இரண்டையும் சேர்த்தும் வைத்திருக்கிறது. பிரித்துக் காட்டுவது, சேர்த்து வைப்பது இரண்டும் இந்தச் சொல்லுக்குள் உண்டு. பேச்சுக்கு வந்தபோது முதலில் குறித்தது அசையும் சொல்லும் ஒன்றோடொன்று கொழகொழவென்று ஒட்டாமல் தனித்தனியாகக் காதில் விழுவதை. பிறகுதான் கருத்துகள் அப்படிப் பிரிந்தும் கோத்தும் வருவதற்கு நகர்ந்தது.

இந்திய அரசியலமைப்பின் 21வது 'ஆர்ட்டிகிள்', பத்திரிகை 'ஆர்ட்டிகிள்', இலக்கணத்தில் வரும் 'எ, அன், தி' என்கிற 'ஆர்ட்டிகிள்' மூன்றுக்கும் அதே ஆர்ட்டிகுலுஸ்தான் மூலம். ஒரு முழுமையின் பிரிந்து நிற்கும் துண்டு என்ற பொருள். 16, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'ஆர்ட்டிகுலேட்' வினைக்கே ஒப்பந்தத்தை ஷரத்து ஷரத்தாக எழுதிப் பேசி முடிப்பது என்றொரு பொருள் இருந்தது. இன்று வழக்கொழிந்துவிட்டது.

கிரேக்கத்தில் மூட்டு 'ஆர்த்ரான்'. லத்தீன் சொல்லுக்கு உறவுதான். ஆர்த்ரைட்டிஸ் அங்கிருந்து வந்தது. பேச்சுத் தசைகள் தளர்வதாலோ கட்டுக்குள் வராததாலோ ஏற்படும் பேச்சுக் கோளாறான 'டிஸார்த்ரியா'வும் அங்கிருந்துதான்.

சும்மா_படிப்பவன்
ஆர்த்ரைட்டிஸும் ஆர்ட்டிகிள் 21ம் சொந்தக்காரர்களா! இந்த ஒரு தகவலுக்கே இழை போதும்.

மிருதுளா_பேச்சுப்பயிற்சி
ஒலிப்பு பக்கத்திலிருந்து சேர்க்கிறேன். எங்கள் துறையில் 'ஆர்ட்டிகுலேஷன்' என்றால் கருத்து வளம் அல்ல. நாக்கு, உதடு, பல், அண்ணம், தாடை சேர்ந்து ஒலியை உருவாக்கும் உடல்வேலை. ஒலி எங்கே உருவாகிறது என்பது ஒலிப்பிடம், காற்று எப்படித் தடுக்கப்படுகிறது என்பது ஒலிப்பு முறை. தமிழ் படித்தவர்களுக்கு இது புதுசே இல்லை. தொல்காப்பியப் பிறப்பியல் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டு உறுப்பைச் சொல்லிவிட்டுத்தான் எழுத்தெழுத்தாக நாக்கு எங்கே போகிறது என்று விளக்குகிறது.

ஒலிப்புப் பிழையை நான்காகப் பிரிப்போம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று (ரயிலை 'லயில்' என்பது), விட்டுவிடுவது, திரிப்பது, இல்லாததைச் சேர்ப்பது. இதில் இரண்டு வகைக் கோளாற்றைக் குழப்பக்கூடாது. குறிப்பிட்ட ஒலியை நாக்கால் உருவாக்கவே முடியாமல் போவது 'ஆர்ட்டிகுலேஷன்' கோளாறு. ஒலி வாயில் வரும், ஆனால் எந்தச் சொல்லில் எது என்ற ஒழுங்கு மனசில் அமையாமல் ஒரே மாதிரியான பிழை ஒரு தொகுதி ஒலிகள் முழுக்க வருவது 'ஃபோனலாஜிக்கல்' கோளாறு. முதலாவதற்கு நாக்கை வைக்கும் இடத்தைப் பழக்குகிறோம். இரண்டாவதற்கு 'படம், பதம்' போல ஒரே ஒலியில் வேறுபடும் சொல் ஜோடிகளை வைத்துப் பழக்குகிறோம். பள்ளி அறிக்கையில் 'புவர் ஆர்ட்டிகுலேஷன்' என்று பார்த்து, பிள்ளைக்குச் சிந்தனைத் தெளிவு இல்லை என்று பெற்றோர் எடுத்துக்கொண்டால் முழுத் தவறு.

இந்த ஒலிப்புப் பொருளில் வினை செயப்படுபொருள் இல்லாமலும் வரும்: 'ஹி டஸ்ன்ட் ஆர்ட்டிகுலேட் வெல்' என்றால் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார் என்று பொருள்.

வாசு_வடகரை
அப்படியானால் வாய் சுத்தமாக இல்லாதவரை 'ஆர்ட்டிகுலட்' என்று சொல்லக்கூடாது என்றுதானே ஆகிறது? வேரே மூட்டு மூட்டாக ஒலிப்பது என்கிறபோது, திக்கிப் பேசுகிறவரை எப்படி அப்படிச் சொல்வது?

பிழைதிருத்தி
வாசு சார், வேர் இன்றைய பொருளைக் கட்டுப்படுத்தாது. மனிதரைப் பற்றிச் சொல்லும்போது பெயரடை இன்று எண்ணத்தைச் சொல்லில் வடிக்கும் திறனைத்தான் குறிக்கிறது. ஸ்டீபன் ஹாக்கிங் 1985இல் மூச்சுக்குழாய் அறுவைக்குப் பிறகு குரலையே இழந்தார். அதன்பின் கணினிக் குரலில் பேசினார். அவரை 'ஆர்ட்டிகுலட்' என்று எழுத எந்த ஆங்கில ஆசிரியரும் தயங்கமாட்டார். சைகை மொழியில் பேசுகிறவருக்கும் பொருந்தும். ஃப்ளூயன்ட் என்றால் தடங்கலில்லாமல் சரளமாகப் பேசுவது. திக்குவாய் உள்ளவர் ஆர்ட்டிகுலட்டாக இருக்கலாம், ஃப்ளூயன்ட்டாக இருக்கமாட்டார். ஏலம் விடுகிறவர் ஃப்ளூயன்ட், அவரை ஆர்ட்டிகுலட் என்று சொல்ல வேறு சான்று வேண்டும்.

வாசு_வடகரை
மனிதருக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'ஆர்ட்டிகுலட் ஸ்பீச்' என்றால்? விலங்கின் குரலுக்கு எதிராக மனிதப் பேச்சை அப்படித்தானே பழைய நூல்களில் எழுதுகிறார்கள்? அங்கே ஒலிதானே அளவுகோல்?

கோமகள்
அங்கே வாசு சொல்வது சரி. 'ஸ்பீச்', 'சவுண்ட்', 'க்ரை' போன்ற சொற்களுக்கு முன்னால் நின்றால் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது: அசை பிரிந்து கேட்கும் ஒலி. மனிதருக்கு முன்னால் நின்றால் திறமை. 'ஆர்க்யுமென்ட்', 'அக்கவுன்ட்' ஆகியவற்றுக்கு முன்னால் நின்றால் நன்றாகக் கோத்துச் சொல்லப்பட்டது. எதிர்ச்சொல்லிலும் இதே பிளவு உண்டு. 'இனார்ட்டிகுலட் க்ரை' சொல்லாக உருவாகாத ஓலம். 'இனார்ட்டிகுலட் வித் ரேஜ்' கோபத்தில் வார்த்தை வராத நிலை.

மொழியியலில் பிரெஞ்சு அறிஞர் ஆந்த்ரே மார்த்தினே 1949இல் முன்வைத்த 'இரட்டை ஆர்ட்டிகுலேஷன்' மூன்றாவது கதை. பேச்சை முதலில் பொருளுள்ள துண்டுகளாகப் பிரிக்கலாம்: 'மரங்கள்' என்றால் மரம், கள். அந்தத் துண்டுகளை மறுபடி பொருளில்லாத ஒலிகளாகப் பிரிக்கலாம். கைவிரலால் எண்ணிவிடக்கூடிய சில பத்து ஒலிகளை வைத்து எல்லையில்லாமல் சொல்ல முடிவது இந்த இரண்டு அடுக்கால்தான். இங்கே 'தெளிவு' என்று மொழிபெயர்த்தால் வாக்கியமே கவிழ்ந்துவிடும்.

லோடர்_குமரன்
லாரி பக்கம் யாரும் வரவில்லை, நான் வருகிறேன். 'ஆர்ட்டிகுலேட்டட்' என்றால் நடுவில் மூட்டு வைத்து மடங்குகிற வண்டி. பிரிட்டனில் 'ஆர்ட்டிகுலேட்டட் லாரி', சுருக்கமாக 'ஆர்ட்டிக்'. அமெரிக்காவில் அதே வண்டி 'டிராக்டர் டிரெய்லர்' அல்லது 'செமி'. சென்னையில் ஓடின நீள பஸ்ஸை நாம் 'வெஸ்டிபியூல் பஸ்' என்றோம். வெளிநாட்டில் அது 'ஆர்ட்டிகுலேட்டட் பஸ்', நீளம் பொதுவாக 18 மீட்டர்.

வீல் லோடரில் (மண் அள்ளிப் போடும் வண்டி) ஸ்டீயரிங் திருப்பினால் முன்சக்கரம் தனியாகத் திரும்பாது. சேசிஸே நடுவில் மடங்கும், ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 40 டிகிரி. அந்த மடிப்புக்குள் ஆள் நின்றால் நசுங்கிவிடுவார். அதனால் கிரீஸ் அடிப்பதற்கோ ஹைட்ராலிக் ஹோஸ் மாற்றுவதற்கோ முன்னால் 'ஆர்ட்டிகுலேஷன் லாக்' கம்பியைப் போட்டு இரண்டு பாதியையும் பிணைக்க வேண்டும், வேலை முடிந்ததும் கழற்றி அதன் இடத்தில் மாட்ட வேண்டும். கழற்றாமல் ஓட்டினால் ஸ்டீயரிங் வேலை செய்யாது. கையேட்டைத் தமிழாக்கிய ஒருவர் இதற்குத் 'தெளிவுப் பூட்டு' என்று போட்டால் படிப்பவர் என்ன செய்வார்? 'மடிப்பு மூட்டுப் பூட்டு' என்றால் புரியும். பட்டறையில் 'சென்டர் லாக்' என்றாலும் புரியும்.

பல்செட்_பாஸ்கர்
பல் லேபில் 'ஆர்ட்டிகுலேட்டர்' தினசரிப் பொருள். மேல்தாடை, கீழ்த்தாடை மாடல்களை மாட்டி வாய் திறந்து மூடுவதைப் போல அசைத்துப் பார்க்கிற கருவி. டாக்டர் கடிக்கச் சொல்கிற நீலத் தாள் 'ஆர்ட்டிகுலேட்டிங் பேப்பர்', 40 மைக்ரானிலிருந்து 200 மைக்ரான் வரை தடிமனில் வருகிறது. பல்லைக் காய வைக்காமல் கடிக்க வைத்தால் நிறம் ஒட்டாது. தடிமன் கூடிய தாள் உண்மையில் தொடாத இடத்திலும் கறை போடும், அதை நம்பித் தேய்த்தால் பல் உயரம் குறைந்துவிடும். இங்கே சொல்லின் பொருள் பல்லும் பல்லும் சேரும் இணைவு, வேறொன்றுமில்லை.

முகில்_நெல்லை
எலும்பைப் பற்றிய வாக்கியத்தை எப்படி அமைப்பது? அங்கேயும் 'வித்' வருகிறதே.

கோமகள்
'தி ஹெட் ஆஃப் தி ஃபீமர் ஆர்ட்டிகுலேட்ஸ் வித் தி அசிட்டாபுலம்': தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியோடு மூட்டாகச் சேர்கிறது. செயப்படுபொருள் இல்லை, 'வித்' கட்டாயம். தொல்லியலில் 'ஆர்ட்டிகுலேட்டட் ஸ்கெலிட்டன்' என்றால் எலும்புகள் உடலில் இருந்த வரிசையிலேயே கிடக்கின்றன, உடலை அப்படியே புதைத்திருக்க வாய்ப்பு. 'டிஸார்ட்டிகுலேட்டட்' என்றால் கலைந்து கிடக்கின்றன. தசை அழிந்தபின் எலும்பை மட்டும் எடுத்துப் புதைத்த இரண்டாம் நிலைப் புதைப்பாக இருக்கலாம், பின்னால் நீரோ விலங்கோ கலைத்ததாகவும் இருக்கலாம். ஈமத்தாழிகள் பற்றி ஆங்கிலத்தில் படிக்கிறவர்களுக்கு இந்த ஒரு முன்னொட்டு முக்கியம். அறுவை மருத்துவத்தில் 'டிஸார்ட்டிகுலேஷன்' எலும்பை அறுக்காமல் மூட்டு வழியாகவே உறுப்பை நீக்குவது.

பண்பாட்டு ஆய்வு படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பிரிட்டிஷ் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 'ஆர்ட்டிகுலேஷன்' என்கிற கருத்தை 1986இல் வெளியான பேட்டியில் விளக்கும்போது குமரன் சொன்ன அதே லாரியைத்தான் காட்டுகிறார். முன்பகுதியும் பின்பகுதியும் இணைந்து ஓடும், ஆனால் அந்த இணைப்பு நிரந்தரமல்ல, கழற்றலாம். ஒரு கருத்தியலும் ஒரு சமூகக் குழுவும் அப்படித்தான் இணைகின்றன என்பது அவர் வாதம். பேசுவது என்ற பொருளும் கூடவே இருப்பது அவருக்கு வசதியாகப் போயிற்று. தமிழில் இரண்டையும் ஒரே சொல்லில் பிடிக்க முடியாது. 'இணைப்பு' என்று போட்டு ஒருமுறை விளக்கிவிடுவதே நல்லது.

சட்டப்புள்ளி
சட்ட ஆங்கிலத்தில் 'ஆர்ட்டிகுலபிள்' என்று ஒன்று உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968இல் டெர்ரி எதிர் ஒஹையோ வழக்கில், போலீஸ்காரர் ஒருவரை நிறுத்தித் தடவிச் சோதிக்கக் குறிப்பிட்ட, 'ஆர்ட்டிகுலபிள்' ஆன உண்மைகளைக் காட்ட வேண்டும் என்றது. 'என்னமோ தோணுச்சு' என்பது போதாது. எதைப் பார்த்தார், அதிலிருந்து எதை ஊகித்தார் என்று வாய்விட்டு வரிசையாகச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். முதல் பதிலில் 'சே'க்கும் இதற்கும் காட்டிய வேறுபாடு இங்கே சட்ட அளவுகோலாகவே நிற்கிறது.

ராகமாலிகை
இசையில் ஒரே வரி: ஸ்வரங்கள் ஒட்டி வருகின்றனவா, வெட்டி வருகின்றனவா என்பது ஆர்ட்டிகுலேஷன். மேற்கத்திய நோட்டேஷனில் தலையில் புள்ளி வைத்தால் ஸ்டக்காட்டோ, வழக்கமாக அந்த ஸ்வரத்தின் பாதி நேரம்தான் ஒலிக்கும். சிறு கோடு டெனூட்டோ (முழு நேரமும் ஒலிப்பது), வளைகோடு லெகாட்டோ (ஒட்டி வருவது). கணினி இசைக்கான பதிவு ஒலித் தொகுப்பில் (சாம்பிள் லைப்ரரி) 'ஆர்ட்டிகுலேஷன்ஸ்' என்று பட்டியல் வருவதும் இதுவே.

முகில்_நெல்லை
நன்றி. நான் முதலில் கேட்ட ஒப்பீடு இன்னும் பாக்கி. எலோக்வென்ட், லூசிட், கோஹீரன்ட், வோக்கல்?

பிழைதிருத்தி
எலோக்வென்ட் கேட்பவரின் மனசை அசைக்கும். அழகும் உணர்ச்சியும் உண்டு. பார்வை, மௌனம் கூட எலோக்வென்ட்டாக இருக்கலாம். நம் 'நாவன்மை' இதற்கு நெருக்கம். ஆர்ட்டிகுலட்டுக்கு அழகு தேவையில்லை, சொல்ல வந்தது சிந்தாமல் வந்து சேர்ந்தால் போதும். மென்பொருள் பிழையை விளக்கும் வறண்ட பேச்சும் ஆர்ட்டிகுலட்தான்.

லூசிட் பெரும்பாலும் எழுத்துக்கும் விளக்கத்துக்கும் வருவது. படிப்பவருக்கு எளிதாகப் புரிவது. நோயாளி லூசிட் என்றால் நினைவு தெளிவாக இருக்கிறார் என்று மட்டும். கோஹீரன்ட் முன்னுக்குப்பின் முரணில்லாமல் இருப்பது, ஓரளவு குறைந்தபட்சத் தகுதி. 'ஹி வாஸ் பேர்லி கோஹீரன்ட்' என்பதைக் குடித்தவரைப் பற்றியும் எழுதுவார்கள். வோக்கல் வாய்திறந்து அடிக்கடி கருத்துச் சொல்பவர், தெளிவுக்கு உத்தரவாதமில்லை. க்ளிப் என்பது தடையில்லாத, ஆழமில்லாத பேச்சு. அது வசை.

ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுப் பகுதியில் நான்கு அளவுகோல்: ஃப்ளூயன்சியும் கோஹீரன்சும் சேர்ந்து ஒன்று, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம மதிப்பு. ஆர்ட்டிகுலட் என்று தனிக் கட்டமே இல்லை. வேகமாகப் பேசினால் போதும் என்று பயிற்சி எடுப்பவர்கள் முதல் கட்டத்தில் பாதியைத்தான் தொடுகிறார்கள்.

கோமகள்
தமிழில் எப்படிச் சொல்வது என்றும் சொல்லிவிடலாம். 'தெளிவாகப் பேசும்' போதாது, 'திருத்தமாகப் பேசும்' ஒலிப்புக்குப் பொருந்தும். கருத்துக்குச் சொல்வன்மை அதிகாரத்தின் கடைசிக் குறளில் (650) 'உணர விரித்துரை' என்று இருக்கிறது. கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துச் சொல்ல முடியாதவரை மணக்காத பூங்கொத்து என்கிறது. வினைக்கு 'கோவையாக எடுத்துச் சொல்', பெயரடைக்கு 'எடுத்துச் சொல்லும் திறமுள்ள' என்று எழுதினால் பெரும்பாலான இடத்தில் பொருந்தும்.

வாசு_வடகரை
பரிந்துரைக் கடிதத்தில் மாணவரை 'வெரி ஆர்ட்டிகுலட்' என்று எழுதுவது பாராட்டுதானே? தயங்க வேண்டுமா?

பிழைதிருத்தி
அமெரிக்காவுக்குப் போகிற கடிதம் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். அங்கே கறுப்பினத்தவரைப் பார்த்து இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில் ஒரு முள் இருக்கிறது: 'இவரிடம் இதை எதிர்பார்க்கவில்லை' என்ற வியப்பு உள்ளே கேட்கும். 2007 ஜனவரி இறுதியில் ஜோ பைடன் பராக் ஒபாமாவைப் புகழ்வதாக நினைத்து ஆர்ட்டிகுலட், பிரைட், க்ளீன் என்று அடுக்கப்போய் பெரிய சர்ச்சையாகி, வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது. ஆங்கிலம் தாய்மொழியல்லாத நம்மைப் பார்த்து 'யூ ஆர் சோ ஆர்ட்டிகுலட்' என்று சொல்லும்போதும் சில சமயம் அந்த வியப்பு ஒட்டியிருக்கும்.

இதைத் தவிர இன்னொரு காரணம், வெறும் 'வெரி ஆர்ட்டிகுலட்' எதையும் நிரூபிக்காது. எதை, யாருக்கு, எப்படி விளக்கினார் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். அதன்பின் வினையாகப் போடலாம்: 'ஆர்ட்டிகுலேட்ஸ் தி லிமிட்ஸ் ஆஃப் எ மெத்தட் டு நான்-ஸ்பெஷலிஸ்ட்ஸ்'. வினை செயலைச் சொல்கிறது, முள் பெரும்பாலும் பெயரடையில்தான்.

முகில்_நெல்லை
கடைசியாக, பெயர்ச்சொல் எது? 'ஆர்ட்டிகுலேட்டிவ்னெஸ்' என்று ஒரு ரெஸ்யூமேயில் இருந்தது.

கோமகள்
அப்படி எழுத வேண்டாம். ஆளின் திறமைக்கு 'ஆர்ட்டிகுலட்னெஸ்', பிரிட்டிஷ் வழக்கில் 'ஆர்ட்டிகுலசி'யும் உண்டு. ஒலிப்பு, மூட்டு, கருத்தை வெளியிடும் செயல் மூன்றுக்கும் 'ஆர்ட்டிகுலேஷன்'. 'குட் ஆர்ட்டிகுலேஷன்' என்று ரெஸ்யூமேயில் போட்டால் உச்சரிப்பு சுத்தம் என்று மட்டும் எடுத்துக்கொள்வார்கள். வினையடை வேண்டுமானால் 'ஆர்ட்டிகுலட்லி', அதிலும் ஈறு சுருங்கும், 'லேட்லி' அல்ல.